நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூற்று நான்கு வழிகளும் என் தம்பியும்

தேறாது என்று எல்லோரும் கைவிட்ட இடங்களில் என் தம்பி ஜெயித்தவை இவை. பிறந்தபோது கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. நர்ஸ் அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்த பிறகு அழுதான். ஐந்தாம் வகுப்பில் கரண்டியில் எலுமிச்சை வைத்து ஓடும் பந்தயத்தில் முதல் பரிசு. விசில் ஊதியதும் எந்தக் காலை முதலில் வைப்பது என்று இவன் யோசித்துக்கொண்டு நிற்க, மற்ற ஒன்பது பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிப் பழத்தைக் கீழே விட்டார்கள், இவன் நடந்தே போய்க் கோட்டைத் தொட்டான். எடை இயந்திரம் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. வந்திருந்தவர்கள் முப்பத்தொரு பேர், முதலாளி ஒரு தராசைக் காட்டி இது சரியாக இருக்கிறதா என்று கேட்க, முப்பது பேரும் சட்டென்று பதில் சொன்னார்கள், இவன் முக்கால் மணி நேரம் முள்ளைப் பார்த்துவிட்டு இன்னும் சொல்ல முடியவில்லை என்றான், அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். ஒரு கடையின் குலுக்கலில் முழுப் பாட்டுப்பெட்டி செட். கூப்பனை எந்தப் பக்கம் மடிப்பது என்று முடிவாகாமல் கடைசி ஆளாகப் போட்டான், கடைசிச் சீட்டு மேலே கிடந்தது, அதையே எடுத்தார்கள். பிறகு, நாற்பத்து மூன்று வயதில், கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் சம்மதம்.

கடைசி இரண்டையும் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் குலுக்கலில் விழுந்த பரிசு, அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கிட்டத்தட்டக் கவிழ்த்துவிட்டது.

நான் தைப்பவள். என் கணவர் சாமான் பொட்டலம் கட்டி அனுப்பும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். தம்பி எங்கள் வீட்டு மாடியில் ஒன்பதுக்கு எட்டு அடி அறையில் இருக்கிறான். மூன்று பேருமே அளவை நம்பிப் பிழைக்கிறவர்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது அதனால்தான் நடந்தது.

கண்ணாடிக் கடைப் பெண்ணை அவன் சந்தித்த விதம் இது. பத்திரிகை எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று கண்ணைக் காட்டப் போனான். ஒரு சில்லைப் போட்டு இது தெளிவா, அடுத்ததைப் போட்டு இது தெளிவா என்று கேட்பார்கள் அல்லவா? இவன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். கடை சாத்தும் நேரமாகியும் முடியவில்லை. மறுநாள் வரச் சொன்னார்கள். அப்படி நான்கு நாள் போனான். நான்காம் நாள் அந்தப் பெண் கண்ணாடிச் சட்டத்தை அவன் மூக்கிலிருந்து கழற்றிவிட்டுச் சொன்னாளாம்:

"ரெண்டும் ஒண்ணுதாங்க. நேத்துலேர்ந்து ஒரே சில்லைத்தான் எடுத்து எடுத்துப் போட்டுட்டு இருக்கேன்."

"அப்படின்னா நான் சொன்னது சரிதானே? வித்தியாசம் தெரியலைன்னு சொன்னேனே?"

அவள் சிரித்துவிட்டாள். கணவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது, கடையில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். ஆறு மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். மார்ச் பதின்மூன்றாம் தேதி வரச் சொன்னார்கள்.

மனுக் கொடுத்த மறுவாரம் அவள் அறையைப் பார்க்க வந்தாள். பார்க்க அறை இல்லை. ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், கேசட் டெக், சிடி பிளேயர், ரேடியோ ஐந்தும் தரையில் பரப்பிக் கிடந்தன, ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சூடாகிவிடும் என்பதால். கதவுக்கு இரண்டு பக்கமும் இடுப்பு உயர ஸ்பீக்கர்கள், சிப்பாய்கள் மாதிரி. நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு ஒரு சந்து. தம்பி அதில்தான் ஒருக்களித்துப் படுப்பான்.

அவள் வாசலிலேயே நின்றாள். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "கட்டில் போட இடம் வேணும். அந்த இடத்தை நீங்களே முடிவு பண்ணி எடுத்துக் குடுக்கணும். அண்ணி செஞ்சு குடுக்கிறது வேணாம். கடையில நாள் பூரா இதுவா அதுவான்னு கேட்கிறவ நான். வீட்லயும் வந்து கேட்டுட்டு இருக்க முடியாது. பதிமூணாந் தேதிக்குள்ள அறை தயாரா இல்லைன்னா, அன்னிக்கு நான் கடைக்கே போயிடறேன்."

தம்பி தலையாட்டினான். அவள் போன பிறகு என்னிடம் வந்து, "அக்கா, ரேக் வாங்கணும்" என்றான். அவன் வாயிலிருந்து 'ணும்' என்று முடிகிற ஒரு சொல் முழுசாக வந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மூன்று கடை ஏறினோம். முதல் கடையில் மரத்தில் செய்தது இருந்தது, நல்ல வேலைப்பாடு. தட்டுகள் ஆணி அடித்து நிலையாக இருந்தன. தம்பி ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்து வெளியே எடுத்தான், பாம்புப் புற்றில் விட்ட மாதிரி. தப்பாகப் போய்விட்டால் அப்புறம் ஆயுசுக்கும் தப்புதானே என்றான். இரண்டாவது கடையில் கண்ணாடித் தட்டு, மூன்று உயரத்தில் மாற்றி வைக்கலாம். மூன்றும் சரி, மூன்றும் சரியில்லை என்று வெளியே வந்துவிட்டான். மூன்றாவது, இரும்புச் சட்டம் வெட்டிக் கொடுக்கும் கடை. நான்கு கால்கள், கால் முழுக்க ஓட்டைகள், எந்த ஓட்டையில் வேண்டுமானாலும் தட்டை வைத்து நட்டும் போல்ட்டும் போட்டு முறுக்கிக்கொள்ளலாம். கடைக்காரர் ஒரு தட்டைக் கழற்றி மேலே போட்டுக் காட்டி, "நாளைக்கு மனசு மாறிச்சுன்னா மாத்திக்கலாம் சார், நாளன்னைக்கும் மாத்திக்கலாம்" என்றார்.

தம்பியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். சிறையிலிருந்து விடுதலை கிடைத்தவன் மாதிரி இருந்தான். அளவு கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அளவு எடுத்தது நான். என் டேப்பில் ஐந்து பெட்டிகளில் பெரியது அகலம் பதினேழு அங்குலம், ஆழம் பதினைந்து. துணியில் தையலுக்கு விடாமல் நான் இதுவரை எதையும் எழுதியதில்லை. பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் சேர்த்து இருபது, பதினெட்டு என்று சீட்டில் எழுதினேன். தம்பி சீட்டை வாங்கி, மின்சாரச் சாமானுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று பக்கத்துக்கு நாலு அங்குலம் சேர்த்துத் திருத்தினான். நான் ஏற்கெனவே விட்டதை அவனிடம் சொல்லவில்லை, அவன் கேட்கவுமில்லை. சாப்பிடும்போது சீட்டு மேஜைமேல் கிடந்தது. என் கணவர் பார்த்தார். பொட்டலம் கட்டுகிறவருக்கு உள்ளே இருப்பதைச் சுற்றி மூன்று அங்குலம் வைக்கோலுக்கு இடம் இல்லாவிட்டால் சோறு இறங்காது. பேனாவை எடுத்து அவரும் கூட்டினார். கடைக்காரர் தன் பங்குக்கு, முப்பத்து நாலு முப்பத்திரண்டு எல்லாம் எதற்கு, முழுசாக மூன்றடியாகப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். உயரத்துக்கும் இதே கதி.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி வந்து இறங்கியது, மூன்றடிக்கு மூன்றடி, ஏழடி உயரம். பாகம் பாகமாக வந்ததால் மாடி ஏறியது. அறைக்குள் நிறுத்தி முடித்ததும் மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தோம்.

"மச்சான், இது ரேக்கா, டிக்கெட் குடுக்கிற கவுண்டரா?" என்றார் என் கணவர்.

"காத்தோட்டமா இருக்கு மாமா" என்றான் தம்பி.

அவனுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஒரு மூலையில் தள்ளினால் கட்டிலுக்கு இடம் இருந்தது, அளந்து பார்த்தேன், இரண்டு அங்குலம் மிச்சமும் இருந்தது. இனித் தட்டு ஐந்தையும் பொருத்திப் பெட்டிகளை ஏற்றினால் முடிந்தது. ஒரு மணி நேர வேலை.

பதினொரு நாள் ஆகியும் முடியவில்லை.

ஒவ்வொரு காலிலும் மூன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக இருபத்து நாலு ஓட்டை. ஆம்ப்ளிஃபயர் கனமானது, அதனால் கீழே இருக்க வேண்டும். ஆனால் கீழே தூசி. மேலே வைத்தால் தூசி இல்லை, ஆனால் ரேக் தலைகனத்து ஆடும். ரெக்கார்டு பிளேயரின் மூடி திறக்கப் பதினாறு அங்குலம் வேண்டும். அதை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்தால் 'ம்ம்' என்று ஒரு சத்தம் வரும், தூரத்தில் வைத்தால் ஒயர் எட்டாது. வேலையிலிருந்து வந்ததும் மாடி ஏறுவான். தட்டுகளைக் கழற்றுவான், வேறு ஓட்டையில் வைப்பான், நட்டைக் கையால் திருகுவான். கையால் மட்டும்தான். ஸ்பானர் கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. காலையில் எழுந்து பார்த்துவிட்டு, இது சரியில்லை என்று கழற்றிவிட்டு வேலைக்குப் போவான். பெட்டிகள் ஐந்தும் துண்டு போர்த்திக்கொண்டு பாயில் படுத்திருந்தன. தம்பி எங்கள் அடுப்படியில் படுத்தான்.

கீழ் வீட்டில் ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவனுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். அவர் காகிதத்தில் நான்கு வரி எழுதி, இருபத்து நாலு ஓட்டையில் ஐந்து தட்டை வைக்க நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூற்று நான்கு வழி இருக்கிறது, பெட்டிகளையும் இடம் மாற்றினால் அதை நூற்றிருபதால் பெருக்க வேண்டும் என்றார். பெட்டியை விட்டுவிட்டு, நாளுக்கு ஒரு வழி வீதம் பார்த்தாலே நூற்றுப் பதினாறு வருடம் ஆகும்.

தம்பி காகிதத்தை வாங்கிப் படித்தான். "லீப் வருஷத்தைச் சேர்த்தீங்களா டீச்சர்?" என்று கேட்டான்.

டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார்.

கம்பெனியில் அவனை 'முள்ளு' என்றுதான் கூப்பிடுவார்கள். நடுவில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருப்பதால் வந்த பெயர். அவன் சரிபார்த்த தராசு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதையும் அவர்களே சொல்வார்கள். அவனுடைய சூப்பர்வைசர் எனக்கு போன் செய்து, உங்கள் தம்பி சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸின் அடுக்குகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

ஒன்பதாம் நாள் நான் ஒரு தப்பு செய்தேன். எழுதித்தான் ஆக வேண்டும். தம்பி வேலைக்குப் போயிருந்தான். துணி உலர்த்த மாடிக்குப் போனவள், அன்றைக்கு வைத்திருந்த விதம் எல்லாவற்றிலும் நன்றாக இருப்பதாகத் தோன்ற, உறையைக் கிழித்து ஸ்பானரை எடுத்து நடுத்தட்டின் ஒரு மூலை நட்டை இறுக்கி முறுக்கிவிட்டேன். ஒரே ஒரு நட்டு. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சொன்னால் செய்கிறவள், பதின்மூன்றாம் தேதி கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து யாரையோ இதுவா அதுவா என்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

சாயந்திரம் மேலேயிருந்து சத்தம் வந்தது. "இதை யாரு முறுக்கினது?"

ஒத்துக்கொண்டேன். அவன் என்னைத் திட்டவில்லை. அந்த நட்டைக் கழற்ற இருபது நிமிடம் ஆயிற்று அவனுக்கு, நான் அப்படி முறுக்கியிருக்கிறேன். கழற்றிய பிறகு நட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, நீ செஞ்சதுன்னு தெரிஞ்சா அவ வரமாட்டா. எனக்கு அமைஞ்சதே இது ஒண்ணுதான்" என்றான். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை, நானும்.

மார்ச் பத்து, ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணி சுமாருக்கு அந்தப் பெண் வந்தாள். கடைக்கு விடுமுறை. கட்டிலின் அளவை எழுதிக்கொண்டு போக வந்ததாகச் சொன்னாள், நிஜமாகப் பார்க்க வந்தது எதை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதலில் என்னிடம் வந்தாள். நட்டு விஷயத்தை நானே சொல்லிவிட்டேன், மறைத்து வைத்து எனக்குப் பழக்கமில்லை.

"கழட்டிட்டாரில்ல அண்ணி? அப்ப அது கணக்குல வராது" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

தம்பி கையில் நட்டுகளோடு நின்றிருந்தான். தட்டுகள் ஐந்தும் அன்றைய இடத்தில் இருந்தன, பெட்டிகள் பாயில். இருந்த ஒரே நாற்காலியில் ரேடியோவின் அட்டைப்பெட்டி இருந்தது. அவள் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள், முகம் வாடியிருந்தது. ரேக்கின் ஒரு தட்டு முழங்கால் உயரத்தில் இருந்தது, கீழிருந்து ஐந்தாவது ஓட்டை. மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். அதில் போய் உட்கார்ந்தாள்.

மேல் தட்டு அவள் உச்சந்தலையில் 'ணங்' என்று இடித்தது.

அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே ஓடுவதற்குள் தம்பி அந்தத் தட்டின் நான்கு நட்டுகளையும் திருகிக் கழற்றிவிட்டான். தட்டை மேலே தூக்கினான். மூன்று ஓட்டை. அவள் தலையைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். "நிமிர்ந்து உட்காருங்க" என்றான். அவள் நிமிர்ந்தாள். நான்கு விரல் இடைவெளி இருந்தது. போல்ட்டை மாட்டினான், ஸ்பானரை எடுத்தான், நான்கு மூலையும் சுற்றி வந்து முறுக்கினான். கடைசி முறுக்கில் அவன் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். அவள் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"யோசிக்கலையா?" என்று கேட்டாள்.

"எதை?"

தம்பி குனிந்து, அவள் உட்கார்ந்திருந்த தட்டையும் ஸ்பானர் போட்டு இறுக்கினான், ஆடக் கூடாது என்று. மற்ற மூன்று தட்டுகளுக்கும் இடம் தானாகவே அமைந்துவிட்டது. அவளுக்குக் கீழே இரண்டாவது ஓட்டையில் ஒன்று, அதில் ஆம்ப்ளிஃபயரும் கேசட் டெக்கும். தலைக்கு மேலே பதினாறாவதில் ரெக்கார்டு பிளேயரும் சிடி பிளேயரும். இருபத்தொன்றில் ரேடியோ. உச்சியில் இருபத்து நாலில் ஒரு தட்டு, அதில் இன்றுவரை ஒன்றும் இல்லை. மூன்றடி அகலத் தட்டில் இரண்டு பெட்டிகள் பக்கம் பக்கமாக நிற்கும் என்பது பதினொரு நாளாக எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. டீச்சர் போட்ட கணக்கிலும் அது இல்லை.

பகல் ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்தது. அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. தம்பி பாட்டு ஒன்றைப் போட்டான். ஆம்ப்ளிஃபயர் சூடேறியதும் உட்காரும் தட்டு இதமாக வெதுவெதுப்பாக இருப்பதாக அவள் சொன்னாள். என் கணவர் மேலே வந்து, இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் இரும்புக் கூண்டுக்குள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த வருங்கால உறவினரைப் பார்த்தார்.

"டிக்கெட் ரெண்டு குடும்மா" என்றார்.

"எந்த ஊருக்குண்ணே?" என்று கேட்டாள் அவள்.

புதன்கிழமை நாங்கள் நான்கு பேரும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே எனக்கு ஒரு கவலை மிச்சமிருந்தது. தம்பி பதினெட்டு வயதில் பாங்கில் கணக்குத் தொடங்கப் போனபோது, உன் கையெழுத்தை ஒருமுறை போட்டுவிட்டால் எப்போதும் அதேதான் என்று அங்கிருந்தவர் சொல்லிவிட்டார். எழுத்தைச் சாய்த்தா நிமிர்த்தியா, அப்பா பெயரின் எழுத்து முன்னாலா பின்னாலா, கீழே கோடு வேண்டுமா என்று இவன் மூன்று நாள் போய் வந்தான். கடைசியில் அவர் அலுத்துப்போய் இவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்திவிட்டார். அதிலிருந்து இருபத்தைந்து வருடமாக எங்கே போனாலும் கைநாட்டுதான். நாள் தவறாமல் பத்திரிகை படிக்கிறவன், கைநாட்டு. கம்பெனியில் இவனுக்கென்று ஒரு ரப்பர் முத்திரை செய்து கொடுத்திருந்தார்கள். மனுக் கொடுத்தபோதும் விரலைத்தான் வைத்தான்.

குமாஸ்தா பெரிய புத்தகத்தைத் திறந்தார். அவள் முதலில் கையெழுத்துப் போட்டாள், ஒரே வீச்சில். குமாஸ்தா மனுவைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியை எங்கள் பக்கம் தள்ளினார். நானும் பழக்கத்தில் தம்பியின் கையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேனா குடுக்கா" என்றான் தம்பி.

கொடுத்தேன். அவன் குமாஸ்தாவிடம், "சார், இதைப் பின்னால மாத்திக்கலாமா?" என்று கேட்டான்.

"இந்தப் புஸ்தகத்துல எழுதினா எழுதினதுதாங்க. மாத்த முடியாது."

"சரி" என்றான். குனிந்து தன் பெயரை எழுதினான். சாய்க்கவில்லை, கோடு போடவில்லை, அப்பா பெயரின் எழுத்து முன்னால். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தான்.

2019 மார்ச் 13, புதன்கிழமை, காலை பதினொன்று பத்து.